பச்சை காட்டிய சரிவு

அன்று மழை பிடித்து ஆறாவது நாளா, ஏழாவது நாளா? சரியாக நினைவில்லை. ஓடையில் முதலில் இறங்கியது யார் என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். நிறைமதி களைத்திருந்தாள், அது மட்டும் நிச்சயம்.

வால்பாறை மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். ட்ரோன் படங்களைப் பார்த்து எந்தச் சரிவு இடியும் என்று சொல்ல, நிறைமதி ஒரு கணினி நிரலைப் பழக்கியிருந்தாள். இடிந்த மலைகளின் படங்களை ஆயிரக்கணக்கில் காட்டிக் காட்டிப் பழக்கியது. காலையில் அது பன்னிரண்டாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குச் சிவப்பு அடித்தது. ஒன்பதாம் நம்பருக்குப் பச்சை. பன்னிரண்டின் அடியில் தொழிலாளர்களின் லயத்து வீடுகள், இருபத்திரண்டு குடும்பங்கள். மூன்று மணிக்கு எல்லாரும் ஒன்பதின் அடியிலிருந்த பழைய கிடங்குக்கு மாற வேண்டும் என்று முடிவாயிற்று.

ஆனால் ஒன்பதைப் பார்த்தபடி எதிர்ப்பாறையில் நட்டிருந்த கேமரா இரண்டு நாளாகப் படம் அனுப்பவில்லை. அதன் மெமரி கார்டை எடுக்க மூவர் கிளம்பினார்கள்: நிறைமதி, ட்ரோன் ஓட்டும் ஹனீபா, வழிகாட்ட லயத்தில் குடியிருக்கும் மாரித்தாய். இருபது வருடமாக அங்கே கொழுந்து பறிப்பவள்.

அட்டைகள் காலில் ஏறின. "ரத்ததான முகாமுக்கு வந்த மாதிரி இருக்கு," என்றான் ஹனீபா. யாரும் சிரிக்கவில்லை.

"எங்க காடு இடியும்னு உங்க மிஷினு எதை வெச்சுச் சொல்லுது கண்ணு?" என்றாள் மாரித்தாய்.

நிறைமதி படத்தைக் காட்டினாள். "வெறும் மண்ணாத் தெரியுது பாருங்கக்கா. இடிஞ்ச எடம் இப்படித்தான் இருக்கும்."

மாரித்தாய் நின்றுவிட்டாள். "அட, போன மாசம் நாங்க கவாத்து வெட்டுன காடு அது! வெட்டுனா குச்சியாத்தான நிக்கும்? வேரு பாறையைக் கவ்விக்கிட்டு கெடக்கு!"

கவாத்து வெட்டிய காட்டின் படம் ஒன்றைக்கூட நிறைமதி அந்த நிரலுக்குக் காட்டியதில்லை.

"சிவப்பு தப்புன்னா," ஹனீபா மெதுவாகக் கேட்டான், "அப்ப பச்சை?"

அதற்குமேல் நடை இல்லை, ஓட்டம்தான்! ஓடை இடுப்பளவு பாய்ந்தது; ஒரே கயிற்றைப் பிடித்தபடி மூவரும் இறங்கினார்கள். "கயித்த விட்றாத தம்பி!" என்று மாரித்தாய் கத்தினாள். ஹனீபா பாறையில் தொற்றி ஏறி, கார்டைப் பல்லில் கவ்வியபடி இறங்கினான்.

தார்ப்பாயின் கீழே மடிக்கணினி. முதல் படத்தில் ஒன்பதாம் காட்டின் நிழல் மரங்கள் நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசை. கடைசிப் படத்தில் அந்த வரிசையின் நடுப்பகுதி கீழ்நோக்கி வில்லாக வளைந்திருந்தது. மலை நகர்ந்துகொண்டிருந்தது! நிறத்தைப் பார்க்கத்தான் நிறைமதி கற்றுக்கொடுத்திருந்தாள், நகர்வைப் பார்க்க அல்ல.

போனில் சிக்னல் இல்லை. விழுந்து எழுந்து அவர்கள் இறங்கியபோது, கிடங்குக்குள் டிரங்குப் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"வெளிய வாங்க! லயத்துக்கே திரும்புங்க!" என்றாள் மாரித்தாய்.

"காலைல போங்கறீங்க, இப்ப வாங்கறீங்க. வெளயாடுறீங்களா?" என்றார் ஒருவர்.

நிறைமதிக்கு மூச்சு வாங்கியது. "நான்தான் தப்பாச் சொன்னேன்!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "என் கணக்கு தப்பு. வந்துருங்க."

அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு பெட்டிகளைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

நாலேகாலுக்கு ஒன்பதாம் காடு மரங்களோடு இறங்கி வந்தது. கிடங்கின் கூரைகூடத் தெரியவில்லை.

இருபத்திரண்டு குடும்பங்களும் இன்றும் அதே லயத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாம் காடு துளிர்த்துவிட்டது. ஹனீபா கோவையில் கல்யாணங்களை ட்ரோனில் படம் பிடிக்கிறான். மாரித்தாய் கொழுந்து பறிக்கிறாள். நிறைமதியின் நிரல் இப்போது நகர்வையும் பார்க்கிறது; ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு அவள் மாரித்தாய்க்குப் போன் செய்து, இந்த வருடம் எந்தக் காட்டில் கவாத்து என்று கேட்டுக்கொள்கிறாள்.