இரண்டாவது கன்ட்ரோலர்

படம் நின்ற பிறகுதான் குழந்தை அழுதது.

அந்த வரிசையை அவள் முதலில் கவனிக்கவில்லை. திரையில் ஒரு பெண் கதவைத் திறக்கக் கை நீட்டியபடி உறைந்து நின்றாள். கேம் கன்சோலுக்குள் சுழன்றுகொண்டிருந்த டிஸ்க்கின் சீறல் மெல்ல இறங்கி, கன்சோலின் விசிறி முனகுவது மட்டும் மிஞ்சியது. அடுத்த அறையிலிருந்து அழுகை வந்தது அதன் பிறகுதான். அவள் எழுந்து போய்ப் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, தொட்டிலில் கிடத்திவிட்டு வந்து பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. ஒரு காட்சிகூடத் தவறவில்லை.

தூக்கக் கலக்கத்தில் தானே நிறுத்தியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் செய்யும் பாதி வேலைகள் அவளுக்கே நினைவிருப்பதில்லை. பல் தேய்க்கும் பிரஷ்ஷை ஒருநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தாள்.

அந்தக் கூடம் கணவனின் பெருமை. பட்டப்பகலிலும் இருட்டாக்கும் கறுப்புத் திரைச்சீலைகள், நான்கு மூலைகளிலும் ஸ்பீக்கர்கள், சுவரை அடைத்த டிவி. டிஸ்க் போட மட்டும் ஒரு பழைய கேம் கன்சோல். யாரோ விற்றதை வாங்கி வந்திருந்தான். விளையாட அவனுக்கு நேரமில்லை. அவன் வேலைக்குப் போன பிறகு, ஆள் குரல் கேட்டால் போதும் என்று அவள் ஏதாவது ஒரு படத்தைச் சத்தம் குறைத்து ஓட விடுவாள். கன்சோலிலிருந்து சூடான தூசியின் வாசனை மெதுவாக அறையில் பரவும்.

இரவு சாப்பிடும்போது கேட்டாள். "ஏங்க, குழந்தை அழுதா தானா நிக்கிற மாதிரி அதுல ஏதாவது இருக்கா?"

"அதுக்கு ஏது காது? காது இருந்தா நீ என்னைத் திட்டுறதைக் கேட்டே எப்பவோ ரிப்பேர் ஆகியிருக்கும்."

"விளையாடாதீங்க. அழறதுக்கு முன்னாடியே நிக்குது."

"கன்ட்ரோலரை மடியில வெச்சுக்கிட்டே தூங்குறே. விரல் பட்டிருக்கும்."

"மேசை மேலதான் இருந்துச்சு."

"இருக்கிறதே இது ஒண்ணுதான்மா. இன்னொண்ணு எங்கே போச்சுன்னே தெரியலன்னு அந்தம்மா சொன்னாங்க."

"எந்தம்மா?"

"வித்தவங்க. பெருசா பேசல. வீட்ல கைக்குழந்தை இருக்கான்னு மட்டும் கேட்டாங்க. இருக்குன்னேன். உடனே எடுத்துக் குடுத்துட்டாங்க."

மறுநாள் அவள் சோதித்துப் பார்த்தாள். பிரசவ விடுப்புக்கு முன்பு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். சந்தேகம் வந்தால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கத்தான் அவளுக்குத் தெரியும். படத்தை ஓட விட்டு, கன்ட்ரோலரின் பேட்டரிகளைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். படம் ஓடியது. வெளியே ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு திரையின் மூலையில் ஒரு வரி தோன்றி மறைந்தது. "இரண்டாவது கன்ட்ரோலர் இணைந்தது."

படம் நின்றது.

குழந்தை அழுதது.

ரேடியோ அலை சுவரைத் தாண்டும். தொலைந்த கன்ட்ரோலர் பக்கத்து வீட்டில் யார் கையிலோ இருக்கலாம். படம் நிற்பதற்கு அது போதுமான காரணம். குழந்தை அழப்போவது அந்தக் கைக்கு எப்படி முன்கூட்டியே தெரியும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அதுவும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அசதி. பாதிப் பதிலே போதும் என்று தோன்றும் அளவுக்கு அசதி. கணவனிடம் மறுபடி சொல்லவும் இல்லை. சொன்னால் தூங்கு என்பான். எப்போது என்று கேட்டால் சண்டை வரும்.

போகப் போகப் பழகிவிட்டது. படத்தின் பேச்சுக்குரலில் கண் அசருவாள். அது நின்றதும் விழித்துக்கொள்வாள். அழுகை வலுக்கும் முன் தொட்டிலருகில் இருப்பாள். அந்த வீட்டில் அவளுக்காக ஒன்றை நிறுத்தி வைத்துக் காத்திருக்க வேறு யார் இருக்கிறார்கள்?

ஒன்று மட்டும் உறுத்தியது. கொஞ்ச நேரம் யாரும் பொத்தானைத் தொடாவிட்டால் திரை மங்கிவிடும். டிவி கெடாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு என்று கணவன் சொல்லியிருந்தான். ஆனால் அவள் எவ்வளவு நேரம் பால் கொடுத்துவிட்டு வந்தாலும் திரை மங்கியதே இல்லை. பளிச்சென்று காத்திருக்கும். சோபாவின் மறுமுனையில் மெத்தை லேசாகக் குழிந்திருக்கும். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காரப் பழகிக்கொண்டாள்.

மழை பெய்த அன்று அவளால் முடியவில்லை. முந்தின இரவு முழுதும் குழந்தை அழுதிருந்தது. கணவன் காதில் தலையணையை வைத்து அழுத்திக்கொண்டு தூங்கி, எழுந்து, வேலைக்குப் போய்விட்டான். பிள்ளை இன்னும் ஒருவரையும் பார்த்துச் சிரித்ததில்லை. அழ மட்டும் தெரிந்திருந்தது. கண்ணுக்குள் மணல் அரைத்தது. கால்கள் தன்னுடையவை போலவே இல்லை.

படம் நின்றது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் புருஷனிடம் சொல்வதைப் போலச் சொன்னாள். "இந்த ஒரு தடவை நீங்களே போய்ப் பாருங்களேன்."

சோபாவின் மறுமுனை மெதுவாக எழும்பியது. உள்ளிருந்த ஸ்பிரிங் ஒன்று நீண்டு பெருமூச்சு விட்டது.

குழந்தை அழத் தொடங்கியது. பாதியில் நின்றது. மரத்தொட்டில் ஆடும் சத்தம் கேட்டது, நிதானமாக, ஒரே சீராக.

எழுந்திருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அப்போது அவள் நெஞ்சில் வந்தது பயம் இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

தூங்கிப்போனாள்.

விழித்தபோது மழை விட்டிருந்தது. மார்பு கனத்து வலித்தது. உடையின் முன்புறம் முழுக்கப் பாலில் நனைந்திருந்தது. பால் கொடுக்கும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது. யாரும் அழவில்லை.

படம் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றது. திரை மங்கியிருந்தது. முதல் முறையாக.

அவள் சோபாவின் மறுமுனையைப் பார்த்தாள். மெத்தையில் குழி இல்லை. ஒருவருமில்லை.

ஓடினாள்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை விழித்திருந்தது. மூச்சு சீராக இருந்தது. கை கால் சூடு சரியாக இருந்தது. வயிறு நிறைந்து பறை போல் விம்மியிருந்தது.

கடைவாயில் பால்.

விரலால் துடைத்தாள். சாம்பல் நிறம். முகர்ந்தாள்.

சூடான தூசி.

வாரி எடுத்தாள். மார்போடு அணைத்தாள். மார்பை அதன் வாயருகே கொண்டுபோனாள். குழந்தை உதட்டை மூடிக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் முதுகுக்குப் பின்னால் எதையோ தேடி, கண்டுபிடித்து, பல்லில்லாத வாயைத் திறந்து முதல்முறையாகச் சிரித்தது.

அவள் திரும்பவில்லை. கூடத்தின் பக்கம் காதை மட்டும் கொடுத்தாள். தொட்டிலாட்டப் போனவர் சோபாவுக்குத் திரும்பியிருந்தால், நிறுத்திய அதே கை படத்தை ஓட விட வேண்டும். ஓடட்டும். ஒரே ஒரு குரல் கேட்கட்டும்.

படம் ஓடவில்லை.