கருப்படித்த பின் விளக்கு

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, பகல் சோறு சாப்பிட்ட கையைப் பஹ்மி இன்னும் சரியாகத் துடைத்திருக்கவில்லை. கெலிஓயாவில் கம்பளை வீதியோரம் இருக்கும் அவனுடைய கடைக்கு முன்னால் இராமநாதன் முதலாளியின் வெள்ளைக் கார் வந்து நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. வழக்கமாக இறங்கி, பிளேன்டீ கேட்டு, ஊர்க்கதையெல்லாம் அளந்துவிட்டுப் போகிற மனிதர் அன்றைக்குக் கார்க் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு மட்டும் இறக்கினார்.

"நானா, அந்தக் கருப்ப எடுத்துருங்க. பழையபடி செவப்பா இருக்கணும். நாளைக்கு அந்திக்குள்ள வேணும்."

பஹ்மியின் பிழைப்பே அந்தக் கருப்புத்தான். காரின் பின் விளக்கைக் கழற்றி, மேலே கருப்பு லெக்கர் பெயின்டை மெல்லிசாக மூன்று கோட் அடித்துக் காயவைத்துப் பூட்டுவான். 'ஸ்மோக்' என்று அதற்குப் பெயர். பேராதனையிலிருந்து கம்பளை வரைக்கும் ஸ்டைல் காட்டுகிறவனெல்லாம் அவனிடம்தான் வருவான். அடித்துவிட்டால் விளக்கு இருக்கிற இடமே தெரியாது. பிரேக்கை மிதித்தால் உள்ளே எங்கேயோ சிகரெட் நுனி அளவுக்கு ஒரு சிவப்பு, அவ்வளவுதான். பின்னால் வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று பஹ்மி ஒருநாளும் தன்னைக் கேட்டதில்லை. பொலிஸ் பிடித்தால் என் பெயரைச் சொல்லாதே என்பது மட்டும்தான் அவனுடைய நிபந்தனை.

"மூணு மாசம்தானே முதலாளி ஆகுது? அலுத்துப் போச்சா?"

இராமநாதன் வீதியை ஒரு தரம் பார்த்தார். "பன்வில ரோட்ல போன வாரம் ஒருத்தன் பைக்கோட வந்து பின்னால ஏறிட்டான். பட்டப்பகல்தான், ஆனா பனி மூடி ஒரே மிஸ்டு. குடிகாரப் பய."

"ஆளுக்கு?"

"போயிட்டான்."

திங்கட்கிழமை வாகனப் பரிசோதகர் காரைப் பார்க்க வரப்போகிறாராம். அதுவரைக்கும் கார் எப்படி இவர் கையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். இராமநாதனுக்குத் தெரியாத பெரிய மனிதர் கண்டியில் கிடையாது. இடது பக்க விளக்கு நொறுங்கிப் போயிருந்தது. அதற்குப் புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தார். வலது பக்கத்துக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. அதிலிருக்கும் கருப்பைத்தான் எடுத்தாக வேண்டும்.

"பேரு வெளிய வந்தா ரெண்டு பேரு பேரும்தான் வரும் நானா," என்று சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்துப் போய்விட்டார்.

பஹ்மி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தான். அங்கேதான் அந்த மனிதன் கெட்டான்.

வலது விளக்கில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் உள்ளே தண்ணீர் கட்டியிருந்தது. ஆட்டினால் களக் களக் என்றது. மழைக்காலத்தில் பின் விளக்குக்குள் ஈரம் இறங்குவது புதிதல்ல. இந்தத் தண்ணீர் மட்டும் கொழகொழவென்று, கண்ணாடியில் ஒட்டி ஒட்டி இறங்கியது.

தின்னர் நனைத்த துணியால் தேய்த்தான். கருப்பு கரைந்து துணியில் ஏறவேண்டும். இது கரையவில்லை. வெந்த தக்காளியின் தோல் மாதிரி சுருண்டு, வழுக்கிக்கொண்டு, முழுசாக உரிந்து வந்தது. கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. சீ! உதறினான். அது விரலை விட்டுப் போக மாட்டேன் என்றது.

அதன் கீழே இன்னொரு கருப்பு. அதையும் உரித்தான். அதன் கீழே இன்னொன்று. அவன் அடித்தது மூன்று கோட். உரித்தது பதினொன்று.

கடைசித் தோல் போனதும் ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள்! இறைச்சிக் கடைக்குப் பின்னால் கழுவிய தண்ணீர் தேங்கி, அதில் நாலு நாள் வெயில் பட்டால் வருமே, அந்த நாற்றம். பஹ்மி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான். பகல் சாப்பிட்ட சோறெல்லாம் வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் போனது.

உள்ளே இருக்கும் தண்ணீரை எடுக்காமல் விளக்கைப் பூட்ட முடியாது. எடுப்பதென்றால் விளக்கைப் பிளக்க வேண்டும். பிளப்பதென்றால் ஓரத்துப் பசையை இளக்க வேண்டும். அதற்குப் பஹ்மிக்கு ஒரு வழி இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அல்லது ஓங்காளிப்பீர்கள். கடைக்குப் பின்னால்தான் வீடு. அவனுடைய மனைவி றலியா பிறந்தநாள், கலியாணம் என்று ஓடருக்குக் கேக் அடித்துக் கொடுப்பவள். அவள் இல்லாத நேரம் பார்த்து விளக்கை அவளுடைய ஓவனுக்குள் தள்ளி, இளஞ்சூட்டில் பத்து நிமிஷம் வைப்பான். பசை இளகிவிடும். பிறகு துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல இருப்பான். இது வருஷக்கணக்காக நடக்கும் களவு.

சனிக்கிழமை காலை அவள் கண்டி டவுனுக்கு மாவும் ஐசிங் சீனியும் வாங்கப் போனாள். விளக்கு ஓவனுக்குள் போனது.

ஐந்து நிமிஷத்தில் வீடு முழுக்க மயிர் கருகும் வாடை.

ஓவன் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தான். விளக்குக்கு வயர் இல்லை, பல்ப் இல்லை. ஆனாலும் அது எரிந்துகொண்டிருந்தது.

மங்கலாக.

யாரோ பிரேக்கை மிதித்து மிதித்து விடுவது போல.

"அஸ்தஃபிருல்லாஹ்," என்று முணுமுணுத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினான். விளக்கை வெளியே எடுத்துப் பிளந்தான். உள்ளே ஒரு மூலையில், பல்ப் உட்காரும் குழிக்குள், முட்டையளவு உருண்டை ஒன்று அடைந்திருந்தது. கொழுப்பும் சளியும் பூசிய மயிர் உருண்டை. ஒரு பக்கம் வெந்து கருகி, மறுபக்கம் ஈரமாக இருந்தது. நாலு பக்கமும் மூடி ஒட்டிய விளக்குக்குள் அது எப்படிப் போனது? இடிபட்டது இடது பக்கம். இது வலது பக்கம். யோசிக்கப் பயந்துபோய் அதைக் குறடால் பிடுங்கிக் கானில் எறிந்தான். விளக்கைச் சவர்க்காரம் போட்டு ஏழு தண்ணீரில் கழுவி, ஒட்டி, இடது பக்கப் புது விளக்கோடு சேர்த்துக் காரில் பூட்டினான். சிவப்பு பளிச்சென்றிருந்தது. பின்னேரம் இராமநாதன் வந்து பார்த்துவிட்டு, "கைன்னா கைதான் நானா," என்று முதுகில் தட்டினார்.

அன்றைக்கு றலியா ஓவனில் அடித்துக் கொடுத்த கேக்கைப் பக்கத்து வீட்டுக் கைரியா ஞாயிறு காலையிலேயே பெட்டியோடு திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். றலியா ஒரு துண்டை வெட்டினாள். கத்தி பாதியில் நின்றது. இழுத்தால் மஞ்சள் கேக்குக்குள்ளிருந்து நூல் நூலாக வந்தது.

"இந்த ஓவன்ல என்த வெச்சீங்க? உள்ளதச் செல்லுங்க."

"ஒண்டும் வெக்கல்ல."

"அல்லாஹ்வுக்காகச் செல்லுங்க. எனக்கு ஓங்காளமா வருது."

"ஒண்டும் இல்லண்டு செல்றேன்தானே!" என்று கத்திவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

கடை வாசலில் ஒரு பெண் நின்றாள். வெள்ளைச் சேலை, காலில் தேயிலைத் தோட்டத்துச் செம்மண். பன்விலயிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவள். பெயர் வடிவம்மா. செத்துப்போன வீரய்யாவின் மனைவி.

"நானா, வெள்ளக் காரு ஒண்ணுக்குப் பின்லைட்டு கருப்படிச்சது நீங்களா? கண்டில விசாரிச்சப்ப இந்தக் கடையத்தான் சொன்னாங்க."

பஹ்மி மேசையில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தான்.

"எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டுப் போயி இடிச்சாருன்னு பொலிஸ்ல எழுதிட்டாங்க. அவரு மாரியம்மனுக்கு நேந்துகிட்டு குடிய விட்டவரு நானா. ரெத்தம் ரெத்தமா கெடந்தப்பவும் சாராய வாட இல்ல. லைட்டு கருப்பா இருந்தத ஓடிப் போனப்ப நான் கண்ணால பாத்தேன். தோட்டத்துக்காரி பேச்ச யாரு கேக்குறா? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். எம் புள்ளைங்க குடிகாரன் புள்ளைங்கன்னு பேரெடுக்கக் கூடாது."

ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அந்தப் பிள்ளைகளின் தகப்பனுக்கு நல்ல பெயர் திரும்பும். சொன்னால் பஹ்மிக்குப் பொலிஸ், வழக்கு, கடைக்குப் பூட்டு. நாக்கு பக்கத்திலிருந்த பொய்யைத்தான் எடுத்தது.

"அப்பிடி ஒரு காரு எனக்கிட்ட வரல்ல, தங்கச்சி."

சொல்லி வாயை மூடவில்லை. அடித்தொண்டையில் என்னவோ குறுகுறுத்தது.

அவள் வீதியைக் கடக்கும் வரை பொறுத்திருந்து, விரலை வாய்க்குள் விட்டான். நுனி அகப்பட்டது. இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. வயிற்றுக்குள்ளிருந்து குடலை உரசிக்கொண்டு வருவது தெரிந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு மயிர், எச்சில் சொட்டச் சொட்ட.

திங்கட்கிழமை பரிசோதகர் பார்த்தார். விளக்குகள் சரி என்று எழுதினார். இராமநாதன் போனில் கூப்பிட்டுச் சிரித்தார்.

அதன் பிறகு பஹ்மிக்குச் சோறு இறங்கவில்லை. எதைத் தின்றாலும் அந்த இறைச்சிக் கானின் ருசி. தண்ணீர்கூடக் கொழகொழவென்றது. காலையில் ஒன்று, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்று, சில நாள் மூன்று நாலு என்று தொண்டையில் மயிர் ஏறிவந்தது. சிலது தொண்டைக்குள்ளேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு மூச்சை அடைத்தது. பொலிஸ் கதை, விளக்குக் கதை என்று யாராவது எடுத்தால் போதும், உடனே குறுகுறுக்கும். ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். றலியா அவனுக்குத் தனிக் கோப்பை, தனிப் பீங்கான் வைத்தாள். பாவம், அவளையும் குறை சொல்ல முடியாது. அவன் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கம் நிற்க ஏலாது.

மனித முடியைக் கண்ட இடத்தில் எறியக்கூடாது, மண்ணில் அடக்க வேண்டும் என்பது அவன் உம்மா பழக்கிய பழக்கம். முதல் உருண்டையைக் கானில் எறிந்ததுதான் வினை என்று அவனுக்குப் பட்டது. இது மௌத்தாகி மண்ணுக்குள் போன அந்த மனுஷனின் முடி. அவன் ஆட்களிடமே சேர்த்துவிட வேண்டும். வருகிற ஒவ்வொன்றையும் கழுவி, றலியாவின் கேக் பெட்டி ஒன்றில் சேர்த்தான். பதினைந்தாம் நாள் பெட்டி நிறைந்தது.

அன்றைக்குக் காலையில் றலியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். "போய் உள்ளதச் செல்லிட்டு வாங்க. கடை போனாப் போகட்டும்," என்றாள்.

போனான். பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தான். கருப்படித்தது நான், எடுத்ததும் நான், எடுக்கச் சொன்னது இன்னார் என்று ஒன்று விடாமல் சொன்னான். உன் மேலும் வழக்கு வரும் என்றார்கள். வரட்டும் என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது வாயில் ருசி ஒன்றுமில்லை. வெறும் எச்சில்! அந்தச் சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு பிளேன்டீ குடித்தான். தேயிலை தேயிலையாக இருந்தது. அழுதுவிட்டான்.

பின்னேரம் இரண்டு மணிபோல பன்வில தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தான். பகலிலேயே மிஸ்ட் இறங்கி லயக் கூரைகளை மூடியிருந்தது. உள்ளே இரண்டு பிள்ளைகள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். வாசலில் நின்று நடந்ததையெல்லாம் வடிவம்மாவிடம் சொன்னான். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பிறகு, "இப்பயாச்சும் சொன்னீங்களே," என்றாள்.

பஹ்மி பெட்டியை நீட்டினான். "உங்கட மாப்புள வீரய்யாட முடி, தங்கச்சி. அவரப் பொதச்ச எடத்துலயே அடக்கிடுங்க."

அவள் மூடியைத் திறந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னா நானா இது?"

"அவர்ட முடி."

"அவருக்கு ஏது முடி? நேர்த்திக்கு மொட்ட போட்டு அஞ்சு நாளுதான் ஆகியிருந்துச்சு. ஹெல்மெட்டக் கழட்டுனப்ப மழுமழுன்னுதான் இருந்தாரு."

பஹ்மி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

வடிவம்மா பெட்டியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். அருவருப்போடு, இரண்டு விரல் நுனியால் மட்டும் பிரித்தாள்.

"இது பொம்பள முடி. பின்னல் போட்ட வளைவு தெரியுது பாருங்க."

இன்னொரு கற்றை.

"இது நரை. வயசான யாரோ."

பெட்டியின் அடியில் செம்பட்டையாக, பஞ்சு மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டவள் விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். குரல் இறங்கிப் போயிற்று.

"இது பச்சப் புள்ள முடி."

மிஸ்டுக்குள் எங்கேயோ ஒரு வாகனம் போகும் சத்தம் கேட்டது. வெளிச்சம் தெரியவில்லை. வடிவம்மா பெட்டியை மூடி அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"எத்தன வண்டிக்கு நானா அடிச்சீங்க?"

பஹ்மி மனதுக்குள் எண்ணத் தொடங்கினான். சிவப்பு வேன். மடவளைப் பையனின் கார். கல்யாணத்துக்கு வாடகைக்கு ஓடும் அந்த இரண்டு கார்கள். ஒன்பது வருஷம். முகங்கள் வந்தன, வண்டிகள் வந்தன, தொகை வரவில்லை.

தொண்டையில் குறுகுறுத்தது.

பிள்ளைகள் சோற்றுக் கையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வாய்க்குள் விரலை விட அவனுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதை விழுங்கினான். அது பாதி இறங்கியது. மற்றப் பாதி நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக மேலே ஏறிவந்தது.