ஒருவேளைக் கறவை

வெயில் சாய்ந்ததும் நாச்சிமுத்துவின் மார்பு கல்லாய்க் கனத்தது. கனம் அவருடையதன்று, மேய்ச்சலிலிருந்து திரும்பிய மயிலைப் பசுவினுடையது. அதன் கழுத்துப்பட்டை மடியின் நோவை அளந்து அனுப்ப, அவர் மணிக்கட்டிலிருந்த நோவேற்பி அதை அவர் உடம்பில் இறக்கியது. இயற்கைப் பால் விற்பவர் எவரும் அதை அணியாமல் மடியில் கைவைக்கக் கூடாதென்று சட்டம் வந்திருந்தது.

மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் புல் காய்ந்து மாடுகளின் விலா எலும்பு தெரியவே, மாலைக் கறவையை நிறுத்தியிருந்தார். மாடு தேறட்டும் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். தமக்கும் ஓய்வாகும் என்பதைச் சொல்லவில்லை. அந்தக் குற்றவுணர்வில்தான் நோவைப் பல்லைக் கடித்துத் தாங்கினார். நாளடைவில் மடி பழகியது, மார்பு லேசானது. மன்னிப்புக் கிடைத்துவிட்டதாகவே நம்பினார்.

ஆயினும் மயிலை மாலைதோறும் கன்றுப்பட்டியின் படலருகே நின்று கத்தியது. நோவேற்பியோ சும்மா இருந்தது. கருவி பழுதென்று அவர் முணுமுணுக்க, மனைவி பாவாத்தாள் தவிட்டு வாளியைக் கீழே வைத்தாள்.

"அது நல்லாத்தானுங் இருக்குது. பீச்சறதுக்கு முன்னால கன்னுக்குட்டிய ஊட்ட விடுவோமில்லீங்? சாயங்காலம் அது ஆத்தாளப் பாக்கறதே அப்பத்தான். பீச்சறத நிறுத்துனவிய அதையுஞ் சேத்து நிறுத்திப்போட்டீங்க. நீங்க கட்டில்ல சாஞ்சிருக்கறீங்க, மயிலை படல்ல நிக்குது."

நோவேற்பியில் எவரும் தொடாத இன்னொரு நிலை உண்டு: மாட்டின் உள்ளநோவு. கருவியின் திருகுக் குமிழை அதில் வைத்தார். நெஞ்சைப் பிசைந்தது. ஓடிப்போய்ப் படலைத் திறந்தார். கன்று மடியில் முட்டிய கணமே நோவு கரைந்தது. இனி மாலையில் கன்றுக்கே பால் என்றும், திருகு இதே நிலையில்தான் இருக்கும் என்றும் மனைவியிடம் உறுதி சொன்னார்.

மறுநாள் காலை, வழக்கம்போல் கன்றை ஊட்டவிட்டுப் பால் சுரந்ததும், காம்பிலிருந்து இழுத்து முளையில் கட்டினார். கயிறு இறுகியபோது வந்த நோவு அவரைத் தரையில் கையூன்ற வைத்தது. இரண்டுவேளை, ஒருவேளை என்ற அவர் கணக்கெதையும் அது மதிக்கவில்லை. கறக்காமலிருந்தால் மட்டுமே அது நிற்கும்.

வாசலில் பால்வண்டி ஒலியெழுப்பியது. முளையைப் பற்றி எழுந்தார். பிறகு திருகை மடி நோவுக்கே திருப்பினார். மார்பு அடங்கியது, பால் நுரைத்து விழுந்தது.

"இப்பச் சரியாப் போச்சுங்களா?" என்றாள் பாவாத்தாள்.

"போச்சு" என்றார், மயிலையின் முகமிருந்த பக்கம் திரும்பாமல்.