கடற்கரைச் சாலையில் சோமுவின் சைக்கிள்

சோமு தனியாகத்தான் சைக்கிளில் வந்தான். ஆனால் நீலகண்டன் எடுத்த படத்தில் பின்சக்கரத்து டயர், யாரோ ஏறி உட்கார்ந்த கனத்தில் தரையோடு நசுங்கியிருந்தது.

"காத்து கம்மியா இருந்திருக்கும்," என்றான் சோமு. "என் மூஞ்சி எங்கடா? நாக்குத் தள்ள மிதிக்கிறேன், நீ என்னைப் புகையாவே புடிக்கிறே."

மனைவி வடிவாம்பாள் கடலோடு போன பிறகு நீலகண்டன் அதிகம் பேசுவதில்லை. காமிராவை அவன் கையில் திணித்ததே சோமுதான். வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நண்பனை மாலைதோறும் காரைக்கால் கடற்கரைக்கு இழுத்துவந்து, அவன் பழகுவதற்காக இப்படியும் அப்படியும் ஓட்டிக் காட்டினான். கும்பகோணத்தில் பௌதிகம் படித்த நீலகண்டனுக்குச் சூட்சுமம் புரிந்துவிட்டது, கைதான் பழகவில்லை. சைக்கிளின் வேகத்துக்கே காமிராவும் திரும்ப வேண்டும். விசையைத் தட்டிய பிறகும் கை நிற்கக்கூடாது. காமிராவோடு சேர்ந்து நகர்வது மட்டும் தெளிவாக விழும். மற்றதெல்லாம் கோடாக இழுபடும்.

அடுத்த பிலிம் சுருளில் சோமுவே கோடாக இழுபட்டிருந்தான். கேரியருக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெளிவாக விழுந்திருந்தன. ஒருபக்கமாகத் தொங்கிய பெண் பாதங்கள். மெட்டி. ஈரம்.

அந்தப் படத்தை நீலகண்டன் யாருக்கும் காட்டவில்லை. சோமுவிடம் ஒன்றை மட்டும் கேட்டான்.

"வடிவு போன அன்னிக்கு நீ அவளைப் பாத்தியாடா?"

"எத்தனை தரம் கேப்பே? பாக்கலைடா. அன்னிக்கு நான் நெரவியில இருந்தேன். உன்மேல சத்தியம்."

கடலைக் கண்டாலே பயப்படுகிறவள், நீலகண்டன் நாகப்பட்டினம் போயிருந்த அன்று கடற்கரைக்கு வந்திருக்கிறாள். உடல் கிளிஞ்சல்மேட்டுக் கரையில் ஒதுங்கியது. யாரோடு வந்தாள் என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சோமுவை அவன் நம்பினான். நம்ப வேறு ஆளில்லை.

மறுநாள் மாலை காற்றே இல்லை. கருவாட்டு வாடையும், அரசலாறு கடலில் கலக்கிற இடத்துச் சேற்று நாற்றமும் அசையாமல் தேங்கிக் கிடக்க, சவுக்குகளின் நிழல் நீண்டு விழுந்த சாலையில் சோமு எதிர்காற்றில் வருபவன்போல மூச்சிரைக்க, எழுந்து எழுந்து மிதித்து வந்தான்; சங்கிலி சுற்றுக்குச் சுற்று முனகியது; கேரியர் காலியாகத்தான் இருந்தது. நீலகண்டன் இடுப்போடு திரும்பினான். தட்டினான். கை நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சுருளைக் கழுவிக் காயவைப்பதற்குள் இருட்டிவிட்டது. குளியலறைக் கதவைத் தாழிட்டு, சிவப்புக் காகிதம் சுற்றிய விளக்கை ஏற்றினான். சோமு வெளியே முக்காலியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான்.

"இதுலயாவது நான் மனுஷனா இருக்கேனா பாரு."

மருந்துத் தட்டில் படக் காகிதம் மிதந்தது. முதலில் கோடுகள். சவுக்கு, கடல், வானம் எல்லாம் கோடு. நடுவில் சோமு, சட்டைப் பொத்தான்வரை தெளிவாக. அவன் எடுத்ததிலேயே நல்ல படம்.

சோமுவுக்குப் பின்னால் அவள்.

அந்த வேகத்திலும் கூந்தல் பறக்கவில்லை. நனைந்து, நேராகத் தொங்கியது. இரண்டு கைகளாலும் பின்னாலிருந்து சோமுவின் கண்களைப் பொத்தியிருந்தாள்.

நீலகண்டனிடம் அவள் ஒருநாளும் அப்படி விளையாடியதில்லை.

அந்தக் கைகளுக்குக் கீழே சோமுவின் வாய். சிரித்துக்கொண்டிருந்தது.

வெளியே ஈரக்கால் தரையில் பதிந்தது. இன்னொன்று. முக்காலி கிரீச்சிட்டது.

பிறகு சோமுவின் குரல். நீலகண்டன் கேட்டேயிராத, தாழ்ந்து குழைந்த குரல். யோசிக்காமல், பழக்கத்தில் வந்தது.

"வடிவுதானே."

அப்புறம் ஒன்றுமில்லை. சிகரெட் வாடை போனது. உப்பு வாடை வந்தது.

நெரவி. சத்தியம்.

தாழ்ப்பாளை நீக்கினான்.

சோமு முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் யாருமில்லை. கண்கள் இருந்த இடத்தில், விரல் விரலாக அப்பிய ஈரமணல். அதிலிருந்து தண்ணீர் கன்னங்களில் இறங்கி, திறந்த வாய்க்குள் போய், நிரம்பி, வழிந்தது. உதடுகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன.