கறுப்பு எஞ்சின் காணாமல் போன காலை

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டைக் கையில் வாங்கும்போதுதான் ஜெயப்ரியாவின் கைப்பேசி அடித்தது. அழைத்தது அக்கா வசந்தி.

"இலையெல்லாம் கிடக்கட்டும். நீ உடனே வா. எஞ்சினைக் காணோம்."

"எந்த எஞ்சின்?"

"அவரோட பொம்மை ரயிலுக்கு இருக்கே, அந்தக் கறுப்பு எஞ்சின்டீ. ராத்திரி பூட்டின அறை பூட்டினபடியே இருக்கு, உள்ள எஞ்சின் மட்டும் இல்லை. மகேஷ்தான் எடுத்திருக்கணும்கறார். சுப்ரியா ஒரே அழுகை. பதினோரு மணிக்கு மகேஷோட அப்பா அம்மா கல்யாணம் பேச கரக்பூர்லேர்ந்து வந்து நிக்கப் போறா. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. ஆவணி மாதத் தூறல். ஜெயப்ரியா இலைக்கட்டோடு ஆட்டோவில் ஏறி லேக் கார்டன்ஸ் என்றாள்.

கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரி அவள். கப்பலில் வந்து இறங்கும் பெட்டிகளைத் திறந்து சோதிப்பது வேலை. பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டு, ஆள் சொல்லும் பதிலை முதலில் முழுக்கக் கேட்டுக்கொள்வாள். பெட்டியின் முத்திரையை உடைப்பது அதற்குப் பிறகுதான்.

ஆட்டோவில் உட்கார்ந்தபடி, முந்தைய நாள் மாலை நாலரைக்கு அக்கா பெண் சுப்ரியா வாட்ஸப்பில் அனுப்பியிருந்த படத்தை எடுத்துப் பார்த்தாள். 'சித்தி, அப்பாகிட்ட சொல்லாதே, சர்ப்ரைஸ்' என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் மகேஷ் ரயில் பலகையின் மேல் குனிந்து, மருந்து விடும் சொட்டுக்குழாயால் தண்டவாளத்துக்கு நடுவே வெள்ளையாக எதையோ விட்டுக்கொண்டிருந்தான். தள்ளி, ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கறுப்பு எஞ்சின் சமர்த்தாக நின்றிருந்தது.

அக்காவின் கணவர், அத்திம்பேர் வெங்கடநாராயணன், வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே கடைசி அறையைக் காலி செய்து, ஆறடிக்கு நாலடி பலகை ஒன்றை மேஜைபோல் நிறுத்தினார். கட்டம் போட்ட தாளில் பாதையை வரைந்து வரைந்து அழித்தார். வளைவு இறுக்கமாக இருந்தால் வண்டி கவிழும், அகலமாக இருந்தால் பலகை போதாது. ஒரு மாதம் அதே பேச்சுதான். கடைசியில் ஒரு சுற்றுப்பாதை, ஒரு ஸ்டேஷன், மூலையில் தெர்மோகோல் மலை, மலைக்குள் சுரங்கம், மலைக்குப் பின்னால் எஞ்சின் ஷெட் என்று முடிவாயிற்று. காபிப் பொடியும் காய்ந்த தேயிலைத் தூளும் மண்ணாயின. எஞ்சின் மட்டும் வெளிநாட்டில் கையால் செய்த பித்தளை எஞ்சின். அதற்காக ஒரு வருஷம் காத்திருந்தார்.

சுப்ரியா மகேஷை வீட்டுக்கு அழைத்து வந்தபோது யாரும் எதிர்பார்க்காத விதமாக அத்திம்பேர் அவனையும் இந்த வேலையில் சேர்த்துக்கொண்டார். அவன் செக்டர் ஃபைவில் மென்பொருள் எழுதுகிறவன். அவன் அப்பா கரக்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். "ஜாதியாவது ஒண்ணாவது, இது கொல்கத்தா" என்று தமிழ்ச் சங்க மேடையிலேயே பேசுகிறவர் அத்திம்பேர். அப்பா போன பிறகு ஜெயப்ரியாவின் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவரும் அவர்தான். அவர் மேல் அவளுக்குத் தனி மரியாதை.

*

வீட்டில் அடுப்பு எரியவில்லை. மகேஷ் கூடத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அம்மா அப்பா வருவதற்கு முன் கூடமாட உதவலாம் என்று வந்தவனிடம் வாசலிலேயே விஷயம் சொல்லப்பட்டிருந்தது. சுப்ரியா அவன் பக்கத்தில் நின்றிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

ஜெயப்ரியா இலைக்கட்டை வைத்துவிட்டுக் கடைசி அறைக்குப் போனாள். அத்திம்பேர் பின்னால் வந்தார்.

ஜன்னலில் கம்பி, கொசுவலை. இரண்டும் பழுதில்லை. ஒரே கதவு. ஒரே சாவி, அது அத்திம்பேரின் பூணூலில். பகலில் பூட்டுவதில்லை.

"நேத்து என்ன நடந்தது? ஒண்ணு விடாம சொல்லுங்கோ."

"ஆறு மணிக்கு வெளியிலேர்ந்து வந்தேன். இவாள்லாம் இல்லை. சுப்ரியாவும் அவனும் ஸ்வீட் வாங்கப் போயிருந்தா, உங்க அக்கா கோயிலுக்கு. நேரா இங்க வந்து வண்டியை ரெண்டு சுத்து ஓட்டினேன். அப்புறம் ஷெட்டுல விட்டுட்டு, கூரையை மூடிட்டு வந்தேன்."

"ஷெட்டுல கையால தூக்கி வெச்சேளா?"

"கையாலயா?" அவர் முகம் சுளித்தது. "கைவேர்வை பட்டா பெயின்ட் போயிடும். லிவரைத் தள்ளினேன், பாயிண்ட் மாறித்து. மெதுவா ரிவர்ஸ்ல உள்ள விட்டேன்."

பாயிண்ட் என்பது பாதை இரண்டாகப் பிரியும் இடம். கத்திபோல் மெலிந்த இரண்டு தண்டவாளத் துண்டுகள் அங்கே இப்படியும் அப்படியும் நகரும். அவை சுற்றுப்பாதையோடு சேர்ந்திருந்தால் வண்டி நேரே போகும். பலகை ஓரத்து லிவரைத் தள்ளினால் அவை விலகி ஷெட்டுக்கு வழி விடும்.

"அப்புறம்?"

"ஏழு மணிக்கு அவா வந்தா. அவன் பிளாட்பாரத்துக்குக் கோடு போடறேன்னு இங்க தனியா இருந்தான். எட்டு மணிக்கு அவன் கிளம்பினதும் நான் பூட்டினேன். இன்னிக்குக் காலம்பர திறந்து கூரையை எடுத்தா, ஷெட் காலி."

"பூட்டறப்போ எஞ்சின் இருக்கான்னு பார்க்கலையா?"

"கூரைதான் மூடியிருக்கே? திறந்து பார்க்கத் தோணலை. நம்பினேன்." பெருமூச்சு விட்டார்.

"போலீஸ்ல சொல்லலாமா?"

"சேச்சே! போனா போகட்டும். அவா வந்தா நாசூக்கா பேசி அனுப்பிடலாம். நம்ம பொண்ணு தப்பிச்சாளே, அது போறும்."

அறையைப் பெருக்க வேலைக்காரப் பெண்ணைக்கூட உள்ளே விடாத மனிதர் அவர். அவர் வாயிலிருந்து 'போனா போகட்டும்' என்று வந்தது ஜெயப்ரியாவுக்கு விசித்திரமாக இருந்தது. அவள் மலையைச் சுற்றிப் போய், சுவரோரமாகக் குனிந்து ஷெட் பக்கத்தைப் பார்த்தாள். தண்டவாளத்துக்கு நடுவே சலித்த கருங்கல் பொடி, நிஜ ரயில்பாதையில் சல்லி கிடப்பதுபோலவே அழகாகப் படிந்திருந்தது. பாயிண்ட் வரைக்கும், பாயிண்டுக்கு உள்ளேயும். நடுவே எங்கிருந்தோ வந்து சேர்ந்த செங்கல் பொடித்துணுக்கு ஒன்று, சிவப்பாக, எள் அளவுக்கு.

போகிற போக்கில் லிவரை ஒரு விரலால் தள்ளினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

*

மகேஷைப் பால்கனிக்கு அழைத்துப் போனாள்.

"ஏழு மணிக்கு உள்ள போனப்ப எஞ்சின் எங்க இருந்தது?"

"பிளாட்பாரத்துல இல்லீங்க ஆன்ட்டி. அங்கிள் பத்திரமா எடுத்து வச்சிருப்பாருன்னு நெனச்சேன்."

"ஷெட்டைத் திறந்தியா?"

"இல்லீங்க. அந்தப் பக்கமே போகல. மஞ்சக் கோடு போடவே எட்டு மணி ஆயிருச்சு."

"ஷெட் பக்கம் கல்லுப்பொடி போட்டது யாரு?"

அந்த நிலையிலும் அவன் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி. "நான்தாங்க. நாலு மணிக்குப் போட்டு, ஃபெவிகால்ல தண்ணி கலந்து சொட்டுச் சொட்டா விட்டேன். அங்கிள் மத்த இடத்துல செய்யறதைப் பாத்திருக்கேன். ஈரத்துல பால் மாதிரி வெள்ளையா இருக்கும், காஞ்சா கல்லு மட்டும்தான் தெரியும். நல்லா வந்திருக்கில்லீங்க?"

"அங்கிள்கிட்ட சொன்னியா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லலீங்க. இப்ப அதெல்லாம் எங்க..." குரல் உடைந்தது. "ஆன்ட்டி, எங்கப்பா புதுச் சட்டை தைச்சுப் போட்டுட்டு வர்றாருங்க."

ஜெயப்ரியா கைப்பேசியை எடுத்து நேற்றைய படத்தைப் பெரிதாக்கினாள். விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். தெருவில் ரிக்ஷா ஒன்று மணியடித்துக்கொண்டே போனது. அது திருப்பம் தாண்டும்வரை அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லோரையும் கூப்பிடுவதற்கு முன் அத்திம்பேரைத் தனியாகப் பார்த்தாள். துறைமுகத்தில் எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். அன்றைக்கு அதைக் கேட்பதற்கு முன் அவள் கதவைச் சாத்தினாள்.

"சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா அத்திம்பேர்? இருந்தா இப்பவே சொல்லிடுங்கோ."

"ஒண்ணும் இல்லை" என்றார் அவர். கண்கள் கையிலிருந்த செய்தித்தாளிலேயே இருந்தன.

*

பத்தரைக்கு மேல் கடைசி அறையில் ஐந்து பேரும் நின்றார்கள்.

"அக்கா, அந்த லிவரைத் தள்ளு" என்றாள் ஜெயப்ரியா.

வசந்தி தள்ளினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள்.

"உடைஞ்சிடப் போறது, விட்டுடு. பாயிண்ட் நகராது. நேத்து நாலு மணிக்கு மகேஷ் கல்லுப்பொடி போட்டு ஒட்டினான் இல்லையா? பாயிண்டுக்குள்ள பசை விடக்கூடாதுன்னு அவனுக்குத் தெரியாது. இதுவும் சேர்ந்து ஒட்டிண்டுடுத்து."

மகேஷ் திடுக்கிட்டான். "ஐயோ, தெரியாமப் பண்ணிட்டேங்க!"

"நீ பண்ணின தப்புதான் இன்னிக்கு உன்னைக் காப்பாத்தித்து." அவள் கைப்பேசியைப் பலகை மேல் வைத்தாள். "இது நாலரைக்கு எடுத்த படம். பாயிண்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல பாருங்கோ. பசை வெள்ளையா இருக்கு, அதுல சிவப்பா ஒரு துணுக்கு. இப்போ நேர்ல பாருங்கோ. அதே இடுக்கு, அதே துணுக்கு. பசை ஈரமா இருந்தப்ப பாயிண்டை நகர்த்தியிருந்தா துணுக்கு நசுங்கியிருக்கும், கல்லெல்லாம் கலைஞ்சிருக்கும். காஞ்ச பிறகு நகர்த்தவே முடியாது. நாலரையிலேர்ந்து இந்த நிமிஷம் வரைக்கும் இந்தப் பாயிண்ட் மாறவே இல்லை."

சுப்ரியாதான் முதலில் புரிந்துகொண்டாள். "அப்படின்னா ஆறு மணிக்கு எஞ்சின் ஷெட்டுக்குள்ள போயிருக்கவே முடியாதே, சித்தி?"

"முடியாது."

"ஆனா அப்பா சொன்னாரே, லிவரைத் தள்ளி உள்ள விட்டேன்னு..."

அத்திம்பேர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கையால வெச்சிருப்பேன். ஞாபகப் பிசகு."

"கையால தொட்டா பெயின்ட் போயிடும்னு சொன்னது நீங்கதான். அதோட, ரிவர்ஸ்ல விட்டேன்னும் சொன்னேள்." ஜெயப்ரியாவின் குரலில் கோபமில்லை. "பிளாட்பாரத்துல விட்டதாச் சொன்னா, எட்டு மணிக்குப் பூட்டறச்சே காணோமே, ஏன் கேக்கலைன்னு எல்லாரும் கேப்பா. மூடின ஷெட்டுக்குள்ள இருந்ததாச் சொன்னாத்தான் காலம்பர வரைக்கும் தெரியலைங்கறது எடுபடும், பழியும் ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும் இங்க தனியா இருந்தவன் மேல விழும். ஆறு மணிக்கு நீங்க வண்டி ஓட்டவே இல்லை அத்திம்பேர். பிளாட்பாரத்துலேர்ந்து எஞ்சினைக் கையால எடுத்துண்டேள். மலைக்குப் பின்னால எட்டிப் பார்த்திருந்தா, வெள்ளையா பசை இருக்கறது தெரிஞ்சிருக்கும், வேற கதை சொல்லியிருப்பேள்."

"எங்க இருக்கு அது?" வசந்தி கேட்டது அவ்வளவுதான்.

அவர் படுக்கையறைக்குப் போனார். பீரோ திறக்கும் சத்தம். குளிர்கால சால்வைகளுக்கு அடியிலிருந்து எடுத்த கைக்குட்டைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். பிரிக்காமலே மேஜை மேல் வைத்தார்.

"ஏன் அப்பா?" என்றாள் சுப்ரியா.

"வேண்டாம்னு சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணும்."

"காரணம் இருந்தது" என்றாள் ஜெயப்ரியா. "வாய்விட்டுச் சொல்ல முடியாத காரணம்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மேடையில ஊருக்கெல்லாம் பேசினேன். பேசறச்சே நிஜமாத்தான் பேசினேன். என் வீட்டு வாசலுக்கு வந்தப்போ முடியலை. ஜாதி பார்க்கறவன்னு யாரும் என்னை நினைக்கக்கூடாது, கல்யாணமும் நடக்கக்கூடாது. வேற வழி தெரியலை."

சுப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேரா வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். தினம் போட்டிருப்பேன். அப்புறம் சமாதானமும் ஆயிருப்போம். நீ அவனை சோர்னுட்டியே அப்பா! திருடன்னு!"

அழைப்பு மணி அடித்தது. பதினொன்றாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

மகேஷ் பதறினான். "அவங்ககிட்ட ஒண்ணும் சொல்ல வேணாங்க. பொருள் கிடைச்சிருச்சில்ல, விட்ருங்க. எங்கப்பா தாங்கமாட்டாரு."

"சொல்லணும்" என்றாள் சுப்ரியா. "சொல்லலைன்னா இதை நீ ஒருத்தனே ஜென்மம் முழுக்கத் தூக்கிண்டு திரியணும்."

வசந்தி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் கணவரிடம் அவள் உத்தரவாக ஒரு வார்த்தை பேசி ஜெயப்ரியா கேட்டதில்லை.

"நீங்களே போய்த் திறங்கோ. நீங்களே சொல்லுங்கோ."

அவர் போனார். தாழ்ப்பாளில் கை வைத்தவர் திறக்க நேரமாயிற்று. மணி மறுபடி அடித்தது.

வாசலில் மகேஷின் அப்பா, மடிப்புக் கலையாத நீலச் சட்டையில், கையில் இனிப்புப் பெட்டியோடு நின்றார். பக்கத்தில் மழையில் நனைந்த குடையை மடக்கியபடி அவன் அம்மா. இருவரும் சிரித்துக் கை கூப்பினார்கள்.

அத்திம்பேர் வாங்கோ என்று சொல்லவில்லை. வாசற்படியிலேயே நின்று, தலையைக் குனிந்தபடி, எதையும் பூசி மெழுகாமல் சொல்லி முடித்தார். எஞ்சினை ஒளித்தது, அவர்கள் மகன் மேல் பழி போட்டது, எதற்காகப் போட்டார் என்பது எல்லாம்.

நீலச் சட்டைக்காரரின் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. இனிப்புப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். மனைவியைப் பார்த்தார், போய்விடலாமா என்று கேட்பதுபோல.

அந்த அம்மாள் கணவரையும் பார்க்கவில்லை, அத்திம்பேரையும் பார்க்கவில்லை. அத்திம்பேரின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு என்ன சொல்லுது?"

சுப்ரியா அப்பாவைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். குடையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வாங்க அத்தை" என்றாள்.