இடப்பக்கச் சுருள்

முதல் பட்டை இடப்பக்கம் சுருண்டது.

ஜெயப்பிரியா கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி அதையே பார்த்தாள். சாயமெழுகிலும் தண்ணீரிலும் மாறி மாறி முப்பது முறை முக்கியெடுத்த, சூடு ஆறாமல் இளகியிருக்கும் அலங்கார மெழுகுவர்த்தியை மேலிருந்து கீழாகச் சீவி, அடி அறாமல் அந்தப் பட்டையை முறுக்கி மடிப்பது அவள் வேலை. வலக்கைக்காரி, பதினோரு வருடமாக அவள் பட்டைகள் வலப்பக்கமே திரும்பியிருக்கின்றன. இடப்பக்கம் திருப்பியவள் இந்தப் பட்டறையில் ஒருத்திதான்.

"கோகிலவாணி முறுக்கு மாதிரியே இருக்குதே!" எதிரே திரி கோத்துக்கொண்டிருந்த சென்னியம்மாள் சிரித்தாள். "செத்த பொறவும் உனக்கு வேலை கத்துக் குடுக்கறாளாட்ட இருக்குது."

"வாய மூடுங்கக்கா. மெழுகு ஆறிரும்."

"எனக்கென்ன சாமி. நான் ஊட்டுக்குப் போயி ஒரு வாய் சோறு தின்னுட்டு வாரேன்."

கதவு சாத்திக்கொண்டது. காற்றுப் பட்டால் மெழுகு இறுகிவிடும் என்று ஜன்னல்களும் மூடியிருந்தன, மின்விசிறியும் ஓடவில்லை. எருமப்பட்டியின் சித்திரை வெயில் தகரக் கூரை வழியே இறங்கி, சாயமெழுகுத் தொட்டிகளின் ஆவியோடு கலந்து, ஈரத்துணி மாதிரி அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டது. சாலையில் ஒரு லாரி போனது. அப்புறம் எதுவும் போகவில்லை.

அந்த அமைதிக்கு அடியில் ஏதோ கொப்பளித்தது. சிவப்புத் தொட்டி.

எழுந்து போய்ப் பார்த்தாள். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் குறைவில்தான் இருந்தது.

இடக்கைக்காரி கோகிலவாணிக்கு ஒரு பழக்கம். வேலை தொடங்குமுன் இடக்கை விரல்களைத் தொட்டிக்குள் விட்டுச் சூடு பார்ப்பாள். படிந்த மெழுகைக் கையுறை போல உருவி எறிவாள். அது தெரிந்துதான் போன மாசியில் ஜெயப்பிரியா இதே ரெகுலேட்டரை முழுக்கத் திருகி வைத்தாள். கை வெந்தால் போதும், கல்யாண மண்டபக்காரர்கள் அவளைத் தேடி வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். புண் சீழ் வைத்து, இருபதாம் நாள் கோகிலவாணி போய்ச் சேர்ந்தாள். திருகியது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. மண்டபக்காரர்கள் இப்போது ஜெயப்பிரியாவின் கைவேலையைத்தான் கேட்கிறார்கள்.

திரும்பி வந்து இரண்டாம் பட்டையைச் சீவினாள். விரல் வலிக்க வலப்பக்கம் முறுக்கினாள். இடப்பக்கம் திரும்பியது.

கத்தி இடக்கையில் இருந்தது.

எப்போது மாறியது?

கீழே போடப் பார்த்தாள். விரல்கள் பிரியவில்லை. கதவை நோக்கிக் கால் எடுத்தாள். கால் தொட்டியை நோக்கி நடந்தது. வலக்கை தானாக நீண்டது.

"வேண்டாங் கோகிலா. தெரியாம பண்ணிட்டேன். இந்தக் கை இல்லீன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல."

கொப்பளிப்பு நின்றது. கேட்பது போல. பிறகு கை இறங்கியது.

அவள் அலறியபோது ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

சிவப்பு. தண்ணீர். மஞ்சள். தண்ணீர். வெள்ளை. மறுபடி சிவப்பு. ஐந்தாம் முக்கலில் வலி நின்றது. வலியைவிட அதுதான் பயங்கரமாக இருந்தது.

முப்பது முக்கல். எப்போதும் போல.

கை மேசைமேல் வந்து படுத்தது. தடித்து. வழுவழுப்பாக. விரல் தெரியாமல். சீவுவதற்கு ஏற்ற பதம்.

இடக்கை நிதானமாகத் தொடங்கியது. விரல்முட்டியிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே சீவல். ஓரத்தில் வரிவரியாக அடுக்குகள்: சிவப்பு, மஞ்சள், வெள்ளை. அடி அறவில்லை. முறுக்கி மடித்தது. இவ்வளவு அழகான முறுக்கு அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மெழுகு அடுக்குகள் முடிந்தன.

கத்தி நிற்கவில்லை. அடுத்த பட்டையும் இடப்பக்கமே சுருண்டது.