வலப்பக்கம் திரும்பிய கார்

ஏற்காட்டு மலைச்சாலையின் உச்சியில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று பச்சை நிற ஆங்கிலேயக் கார், மற்றது வெள்ளி நிற இத்தாலியக் கார். நெடும்பயணத்துக்கென்றே செய்யப்பட்ட அந்த இரண்டுக்கும் நூறு வயதுக்கு மேல். வீட்டுக்கு ஒரு பெட்ரோல் கார்தான் என்பது சட்டம். மீனலோசனி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

தானோடி வண்டிகள் வந்தபின் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அதற்காக வந்ததுதான் பிடிநினைவி. ஸ்டியரிங்கிலும் பெடல்களிலும் உள்ள தேய்மானத்தைப் படித்து, பழைய உரிமையாளரின் கைப்பழக்கத்தைக் கையுறை, காலுறை வழியாகத் தசைக்குள் மின்துடிப்பாக அனுப்பும். சேகரிப்பாளர்கள் இப்போது ஒப்பிடுவது எஞ்சினை அல்ல, இறந்துபோனவர்களின் கைகளை.

பச்சைக் காரை முதலில் ஓட்டிப் பார்த்தாள். வளைவு கண்ணில் பட்டதுமே கால் பிரேக்குக்குப் போனது.

"சரியான பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தாள்.

"இருக்கட்டுமே. ஒழுங்கா வீடு போய்ச் சேர்ந்திருப்பான்" என்றார் கணவர் தீர்த்தகிரி.

இத்தாலியக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். வலப்பக்க இருக்கையில், பள்ளத்தாக்கை ஒட்டி, தீர்த்தகிரி உட்கார்ந்தார். கார் இறங்கத் தொடங்கியது. அவள் கைகள் அவளுடையவையாக இல்லை. கியர் வெண்ணெயாய் வழுக்கியது. எஞ்சினின் உறுமல் முதுகெலும்பில் ஏறியது.

"மெதுவா போ மீனா!"

"நான் எங்கங்க ஓட்டறேன்? அவன் ஓட்டறான்!"

அடுத்த வளைவில், இடப்பக்க மலைச்சரிவிலிருந்து ஒரு பாறை உருண்டு, நேராக அவள் முன்னால் விழுந்தது. ஸ்டியரிங் வெடுக்கென்று வலப்பக்கம் சுழன்றது. தடுப்புச்சுவர் உடையும் சத்தம். தீர்த்தகிரி அலறினார்.

கார் நின்றபோது அவர் பக்கத்துச் சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கதவுக்குக் கீழே தரையே இல்லை. முதலில் அவள் இறங்கினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக அவள் இருக்கைக்கு நகர்ந்து வெளியே வந்தார்.

"நான் இல்லீங்க" என்று அழுதாள். "அவன் கை. அவங்க ஊர்ல வலப்பக்கம்தானே ஓட்டுவாங்க? மத்த நேரம் கருவி மாத்திக் குடுத்திருக்கும். பயந்ததும் பழைய பழக்கம் வந்துடுச்சு."

"தெரியும்மா. அழாதே." அவள் தோளை அணைத்துக்கொண்டார்.

பின்னாலேயே வந்த தரகர் அன்வர் பாஷா ஓடிவந்து பிடிநினைவியின் பதிவைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அபாரம் மேடம்! நாடி எகிறினா கருவியோட தொடர்பு தானா அறுந்துடும். செத்தவங்க பழக்கத்தால உயிரோட இருக்கறவங்க சாகக் கூடாதுன்னு அப்படிப் பண்ணியிருக்காங்க. பாறையப் பார்த்ததுமே அறுந்திருக்கு. திருப்பினது நீங்கதான், உங்க சொந்தக் கை! பழகாத கைக்கு என்ன வேகம் பாருங்க!"

பாறை கிடந்த இடத்தையும், உடைந்த சுவரையும், அந்தரத்தில் தொங்கிய தன் இருக்கையையும் தீர்த்தகிரி மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவியின் தோளிலிருந்து மெல்லக் கையை எடுத்தார்.

"எந்தக் காருன்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

"அவ எதை வேணா எடுத்துக்கட்டும்" என்றார் தீர்த்தகிரி. "கீழ போற பஸ் எத்தனை மணிக்கு?"